குயில் கூவினால் போதுமா?

புதுச்சேரி நகரின் வடக்குப் பக்கம், லாஸ்பேட்டை மேட்டுக்கும் முத்தியால்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது கருவடிக்குப்பம். குரு சித்தானந்த சுவாமிகள் 1837இல் சமாதி அடைந்த கோயில் இங்கேதான் உள்ளது. தமிழ் நாடக உலகின் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் மறைந்தபோது அவரை அடக்கம் செய்ததும் இந்த மண்ணில்தான். இவை இரண்டையும்விட இந்த ஊரைப் பள்ளிப் பிள்ளைகள் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு தோப்பு. 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியார் ‘குயில் பாட்டு’ எழுதக் காரணமாக இருந்த மாந்தோப்பு இங்குதான் இருந்தது என்று புதுவையில் வழிவழியாகச் சொல்கிறார்கள். முத்தியால்பேட்டை கிருஷ்ணசாமி செட்டியாருக்குச் சொந்தமான தோப்பு அது. ‘குயில் தோப்பு’ என்றால் புதுவைக்காரர்களுக்கு இன்றும் கருவடிக்குப்பம்தான்.

அந்தக் குயிலுக்குப் பிற்காலத்தில் அரசு மரியாதையும் கிடைத்தது. 2007இல் புதுச்சேரி தனக்கென அடையாளங்களை அறிவித்தபோது விலங்காக அணில், மரமாக வில்வம், மலராக நாகலிங்கம், பறவையாகக் குயில் என்று வைத்துக்கொண்டது.

பாரதி பார்த்த தோப்புகளில் பெரும்பகுதி இன்று தெருக்களும் மாடி வீடுகளும் ஆகிவிட்டன. குயில் மட்டும் போகவில்லை. மாசி பிறந்தால் விடிவதற்கு முன்பே கூவத் தொடங்கிவிடுகிறது. பங்குனி, சித்திரையில் தூங்கவிடாமல் கூவுகிறது. ‘மரங்கள் போனாலும் குயில் இருக்கிறதே, இயற்கை அவ்வளவு ஒன்றும் கெட்டுவிடவில்லை’ என்று மனம் ஆறுதல் கொள்கிறது. அந்த ஆறுதலுக்கு அறிவியலில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் குயிலின் குடும்பக் கதையைக் கொஞ்சம் விரிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

கூவுவது யார்?

நாம் கேட்கும் ‘கூ…ஊ’ ஆண் குயிலின் குரல். ஒவ்வொரு கூவலுக்கும் சுருதி ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று நிற்கும். ஆண் பளபளக்கும் கறுப்பு, கண் சிவப்பு. பெண்ணைப் பலரும் குயில் என்றே அடையாளம் காண்பதில்லை. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகளும் வரிகளும் நிறைந்த வேறொரு பறவைபோல இருக்கும். அதன் குரலும் ‘கிக்-கிக்-கிக்’ என்று கூர்மையாக, யாரோ விரட்டுவதுபோல ஒலிக்கும். பாரதியின் தோப்பில் பெண்குயில்தான் பாடியது. கவிதைக்கு அந்த உரிமை உண்டு. தோப்பில் உண்மையில் பாடியது ஆணாகத்தான் இருந்திருக்கும்.

கோடையில் வந்து மழைக்காலத்தில் எங்கோ போய்விடும் பறவை என்றும் குயிலைப் பற்றி ஒரு நம்பிக்கை இருக்கிறது. நம் பகுதிக் குயில்கள் ஆண்டு முழுவதும் இங்கேதான் இருக்கின்றன. இனப்பெருக்கக் காலத்தில் இடம் பிடிக்கவும் துணை தேடவும் ஆண் கூவுகிறது. அந்தக் காலம் முடிந்ததும் வாயை மூடிக்கொண்டு இலைகளுக்குள் ஒளிந்து பழம் தின்கிறது. குரல் கேட்காததால் ஊரைவிட்டே போய்விட்டது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

குயில் எப்போது கூவும் என்பதைத் தீர்மானிப்பது வெயில் மட்டும் கிடையாது. காக்கை கூடு கட்டும் காலமும் குயில் கூவும் காலமும் ஒன்றாக இருப்பது தற்செயல் என்று நினைத்துவிடக் கூடாது. குயிலின் வாழ்க்கையே காக்கையின் நாள்காட்டிப்படிதான் நடக்கிறது.

காக்கை கூட்டுக்குள் நடப்பது

குயில் கூடு கட்டாது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஏமாற்று எவ்வளவு நுணுக்கமானது என்பதைப் பலரும் அறிவதில்லை.

முதல் சிக்கல், நேரம். காக்கை முட்டையிடத் தொடங்காத வெறுங்கூட்டில் குயில் முட்டையிடுவது அரிது. மிகவும் தாமதித்து இட்டாலும் பயன் கிடையாது. பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வில், காக்கையின் முதல் முட்டை வந்து சராசரியாக ஒன்றரை நாளுக்குள் குயிலின் முதல் முட்டையும் அதே கூட்டில் சேர்ந்துவிடுவது தெரியவந்தது. அப்படியானால் பெண் குயில் சுற்றுவட்டாரத்துக் கூடுகளை எல்லாம் நாள்தோறும் வேவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், காவல். குயிலைக் கண்டாலே காக்கைகள் துரத்தும். சில சமயம் ஆண் குயில் வேண்டுமென்றே காக்கைகளின் கண்ணில் பட்டு அவற்றைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு பறக்கும். அந்த இடைவெளியில் பெண் உள்ளே நுழைந்து முட்டையிட்டுவிடும். பெரும்பாலும் பெண் தனியாகவே வந்து காரியத்தை முடித்துக்கொள்ளும். போகிற போக்கில் காக்கையின் ஒரு முட்டையை அகற்றிவிடுவதும் உண்டு.

மூன்றாவது, குஞ்சு முந்திக்கொள்வது. குயில் முட்டை 12 முதல் 14 நாட்களில் பொரிந்துவிடும். காக்கை முட்டைக்கு 16 நாட்களுக்கு மேல் ஆகும். மூன்று நாள் முன்னதாகப் பிறப்பது குஞ்சுப் பருவத்தில் மிகப் பெரிய வாய்ப்பு. அதற்குள் குயில் குஞ்சு வளர்ந்து, வாய் பிளந்து, தாய்க் காக்கையின் கவனத்தைப் பிடித்துவிடுகிறது. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு கூட்டிலுள்ள மற்ற முட்டைகளை முதுகால் உந்தி வெளியே தள்ளிவிடும். இதை எட்வர்ட் ஜென்னர் 1788இல் விவரித்தார். பின்னாளில் அம்மைக்குத் தடுப்பூசி கண்ட அதே ஜென்னர்தான். நம் குயில் குஞ்சு எப்போதும் அந்த அளவுக்குப் போவதில்லை. காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தும் வளரும்.

நான்காவது, வேடம். நம் நாட்டுக் குயில் குஞ்சின் இறகுகள் கறுப்பாக இருக்கும். தொடக்கத்தில் காக்கைக் குஞ்சு மாதிரியே கத்தும். பெண் குஞ்சும்கூட இளமையில் கருமை படர்ந்துதான் காணப்படும். ஆஸ்திரேலியாவில் இதன் நெருங்கிய உறவினமான குயில், தேன்குடிப் பறவைகளின் கூட்டில் முட்டையிடுகிறது. அங்கே குஞ்சுக்குக் கறுப்பு வேடம் தேவைப்படவில்லை. வளர்ப்புப் பெற்றோர் யார் என்பதற்கு ஏற்ப குஞ்சின் நிறத்தைப் பரிணாமம் எப்படிச் செதுக்குகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரே கூட்டில் ஒன்றிரண்டு குயில் முட்டைகள் இருப்பது வழக்கம். பதினொன்று வரை இருந்ததாகவும் பதிவு இருக்கிறது. காக்கை கெட்டிக்காரப் பறவை. மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் இனம். அப்படிப்பட்ட காக்கையே தன் கூட்டில் ஏமாந்துபோகிறது.

இவ்வளவும் சொல்வது ஒரே ஒரு உண்மையை அடிக்கோடிடத்தான். காக்கை இல்லாத இடத்தில் குயில் தழைப்பது கடினம். காக்கை பெருகிய இடத்தில் குயிலும் பெருகும்.

காக்கையின் சோறு

ஊர்க்காக்கை மனிதனோடு ஒட்டியே வாழும் பறவை. மனிதர் குடியேறாத காட்டில் இதைப் பார்ப்பது அரிது. நாம் அமாவாசைக்கு வைக்கும் சோறும் திதிக்கு வைக்கும் பிண்டமும் அதன் உணவில் ஒரு சிறு பகுதி. பெரும்பகுதி வருவது நம் குப்பையிலிருந்து: இறைச்சிக் கடைக் கழிவு, மீன் குடல், ஓட்டல் எச்சில் இலை, கட்டிப் போட்ட பிளாஸ்டிக் பையில் ஊசிப்போன சாதம். புதுச்சேரியின் குப்பை குரும்பாபேட்டைக் கிடங்குக்குப் போய்ச் சேர்வதற்கு முன், தெருமுனைத் தொட்டியிலும் காலி மனையிலும் கிடக்கும் நேரம் காக்கைக்குப் போதும். கூடு கட்டச் சுள்ளி கிடைக்காவிட்டால் கட்டுக்கம்பியையும் துண்டு ஒயரையும் வைத்தே கட்டிக்கொள்ளும்.

இந்தப் பறவையை மனிதர்கள் கடல் கடந்தும் கொண்டுபோனார்கள். 1890களில் மலாயாவின் கிள்ளான் பகுதிக் காப்பித் தோட்டங்களில் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து ஊர்க்காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஏறத்தாழ அதே காலத்தில் சான்சிபார் தீவில் குப்பையைத் தின்னட்டும் என்று விட்டார்கள். இரண்டு இடங்களிலும் காக்கை எல்லை தாண்டிப் பரவியது. சான்சிபாரிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுவதும் பெருகி, உள்ளூர்ச் சிறு பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. 2024இல் கென்ய அரசு பத்து லட்சம் காக்கைகளை ஒழிக்கத் திட்டம் அறிவிக்கும் நிலை வந்தது.

சிங்கப்பூரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. முன்பு அங்கே குயில் குளிர்காலத்தில் வந்துபோகும் விருந்தாளி. ஊர்க்காக்கை பெருகிய பிறகு, 1980களிலிருந்து, குயில் அங்கேயே தங்கி இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. இப்போது அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் ‘விடியற்காலையில் குயில் சத்தம் தாங்கவில்லை’ என்று புகார் கொடுக்கும் அளவுக்கு அங்கே குயில்கள் இருக்கின்றன. கான்கிரீட் நகரம் ஒன்றில் காக்கையை நம்பியே குயில் குடியேற முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. பறவை ஆர்வலர்கள் ஏறத்தாழ 30,000 பேர் பதிவு செய்த மூன்று கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு, ‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற அறிக்கை 2023இல் வெளியானது. நீண்டகாலப் போக்கைக் கணக்கிட முடிந்த 338 இனங்களில் 204 இனங்கள் குறைந்திருக்கின்றன. கூடியவை 36 மட்டுமே. அந்த அறிக்கை பெருகிவரும் பறவைகளுக்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவற்றில் மயிலும் மாடப்புறாவும் இருக்கின்றன, குயிலும் இருக்கிறது.

ஆகவே கருவடிக்குப்பத்தில் குயில் கூவுவதைக் கேட்டு, தோப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நினைத்தால் தவறு. குயிலுக்கு வேண்டியது காக்கைக் கூடு உள்ள சில மரங்கள், கொஞ்சம் பழம். இரண்டையும் தோப்பு இல்லாமலே ஒரு நகரம் கொடுத்துவிடும்.

குயில் திருப்பித் தருவது

குயிலைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடவும் கூடாது. வளர்ந்த குயிலின் முக்கிய உணவு பழம். அதன் வாய் அகலமாகத் திறக்கும். பெரிய கொட்டையுள்ள பழத்தையும் முழுதாக விழுங்கிவிடும். சதை செரித்தபின் கொட்டையை வேறு எங்கோ உமிழ்ந்துவிட்டுப் போகும். சந்தன மரத்தின் விதையைப் பரப்புவதில் குயிலுக்குப் பங்கு உண்டு. மஞ்சள் அரளிப் பழம் நமக்கு இதயத்தை நிறுத்தக்கூடிய நஞ்சு. குயில் அதைத் தின்றுவிட்டுச் சாதாரணமாகப் பறந்துபோகும். பப்பாளி, வேம்பு, கறிவேப்பிலை, தெருவோரத்துச் சிங்கப்பூர் செர்ரி எல்லாமே அதற்கு உணவு.

இவற்றில் தனியாகச் சொல்ல வேண்டியவை ஆல், அரசு, அத்தி. மற்ற மரங்கள் ஒரு பருவத்தில் மட்டும் காய்க்கும். ஆலும் அரசும் மரத்துக்கு மரம் வெவ்வேறு காலத்தில் காய்க்கும். இந்த மரம் முடித்தால் அடுத்த தெரு மரம் தொடங்கியிருக்கும். இதற்குக் காரணம் ஒரு குளவி. அத்திக் குடும்பத்தில் உலகெங்கும் 750க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன; பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஒரு சிறு குளவி இனம் உண்டு. காய் என்று நாம் நினைப்பது உண்மையில் உட்புறம் பூக்கள் நிறைந்த ஒரு குடுவை. பெண் குளவி நுனியிலுள்ள சின்னத் துளை வழியே உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. அதன் குஞ்சுகளில் சிறகில்லாத ஆண்கள் வெளியேறும் வழியைக் குடைந்து கொடுக்கின்றன. பெண்கள் மகரந்தத்தோடு பறந்து போகின்றன. அவை உயிரோடு இருக்கும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் சரியான பருவத்தில் இன்னொரு மரம் கிடைக்க வேண்டும். எல்லா மரமும் ஒரே மாதத்தில் காய்த்தால் குளவியினம் அற்றுப்போகும். குளவி அற்றால் மரமும் காய்க்காது. ஆகவே ஏதாவது ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

பறவைகளுக்கு இதனால் ஆண்டு முழுவதும் சோறு. கோயில் வாசலில் நிற்கும் ஓர் அரச மரம், தெருவில் வரிசையாக நட்ட நூறு அழகுச் செடிகளைவிடக் கூடுதலான உயிர்களுக்கு உணவளிக்கும். சாலையை அகலப்படுத்தும்போது முதலில் விழுவதும் அந்த மரம்தான் என்பது நம் கெட்டகாலம்.

மற்ற குயில்கள் எங்கே?

தோப்பு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் குயிலின் சொந்தக்காரர்களைத் தேட வேண்டும். குயில் குடும்பத்தில் நம் பகுதியில் காணக்கூடியவை இன்னும் சில உண்டு.

ஒன்று, சுடலைக்குயில். மேலே கறுப்பு, கீழே வெள்ளை, தலையில் கொண்டை. ‘பியூ… பியூ’ என்று உரத்துக் குரல் கொடுக்கும். இரண்டாவது, அக்காக்குயில். ‘அக்கா… அக்கா’ என்று சுருதி ஏற ஏறக் கூவும். உருவம் வைரி என்ற வல்லூற்றைப் போல இருப்பதால் சிறு பறவைகள் பதறும். இவை இரண்டும் காக்கையை நம்புவதில்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடுகின்றன. தவிட்டுக்குருவி முட்டை நல்ல நீலம். இந்தக் குயில்களின் முட்டையும் அதே நீலம்.

தவிட்டுக்குருவிக்கு என்ன வேண்டும்? ஏழெட்டாகச் சேர்ந்து கூச்சலிட்டபடி தரையில் தத்தித் திரியும் பறவை அது. சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடித் தின்னும். ஒன்று கொம்பில் காவல் இருக்க, மற்றவை மேயும். ஒரு ஜோடியின் குஞ்சுகளுக்குக் கூட்டமே சேர்ந்து இரை கொடுக்கும். இதற்கெல்லாம் சருகு மூடிய மண்ணும் ஒளிந்துகொள்ளப் புதரும் வேண்டும். மரம் இருந்தாலும் அடியில் சிமெண்ட் பூசியிருந்தால் தவிட்டுக்குருவிக்கு அங்கே வேலை கிடையாது. சருகு போனால் தவிட்டுக்குருவி போகும். தவிட்டுக்குருவி போனால் சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் போகும்.

இந்த இரண்டு குயில்களுக்கும் கம்பளிப்புழு விருப்பமான இரை. முருங்கை மரம் வைத்த புதுவை வீடுகளில் கம்பளிப்பூச்சியைப் பார்த்து அலறாதவர்கள் குறைவு. தீப்பந்தம் கட்டுவார்கள், மருந்தடிப்பார்கள், கடைசியில் மரத்தையே வெட்டுவார்கள். மற்றப் பறவைகள் தொடத் தயங்கும் அந்தப் புழுவைக் குயில்கள் கிளையில் தேய்த்துக் குடலைப் பிதுக்கிவிட்டு விழுங்கும். வயிற்றில் சேரும் முடியை உருண்டையாக்கிக் கக்கிவிடும். அவற்றுக்கு இடம் கொடுத்தால் மருந்துச் செலவு குறையும்.

மூன்றாவது, செண்பகம் என்கிற செம்போத்து. இதுவும் குயில் குடும்பம்தான் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். சிவந்த சிறகு, கறுத்த உடல், ‘ஊப்… ஊப்’ என்று அடிவயிற்றிலிருந்து வரும் குரல். இது யாரையும் ஏமாற்றுவதில்லை. தானே கூடு கட்டுகிறது, பெரும்பாலும் ஆண்தான் கட்டுகிறது. அடர்ந்த வேலிப் புதருக்குள் ஒளிந்து வாழ்ந்து நத்தை, புழு, ஓணான் எல்லாம் தின்னும். வீட்டு வேலி மதிலாகும்போது செண்பகத்தின் இடம் போய்விடுகிறது.

இந்த நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு குடியிருப்பின் நிலை விளங்கிவிடும். குயில் மட்டும் கூவினால் அங்கே காக்கை இருக்கிறது, குப்பை இருக்கிறது, சில மரங்கள் இருக்கின்றன. செண்பகமும் குரல் கொடுத்தால் வேலியும் புதரும் மிச்சம் இருக்கின்றன. சுடலைக்குயிலோ அக்காக்குயிலோ கேட்டால் சருகும் புழுவும் தவிட்டுக்குருவியும் சேர்ந்த ஒரு சிறு தோப்பு இன்னும் மூச்சுவிடுகிறது. ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டாம், காது போதும்.

இந்த மண்ணில் என்ன இருந்தது?

லாஸ்பேட்டை, கோரிமேடு, அதற்கு வடக்கே ஆரோவில் வரை நீளும் செம்மண் மேட்டில் ஒரு காலத்தில் இருந்தது உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கரையையும் இலங்கையின் சில பகுதிகளையும் விட்டால் இது அரிது. வீரை, காசா, உலக்கைப் பாலை, கருங்காலி, அழிஞ்சில், நாவல், இடையில் சூரையும் காரையும் பின்னிக்கிடக்கும் குட்டையான அடர்காடு. ஆண்டில் பல மாதம் மழை இல்லாவிட்டாலும் இலை உதிர்க்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றியுள்ள காட்டில் அதன் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். தெய்வத்தின் பேரால் கோடரி எட்டாமல் நின்ற கோயில் காடு அது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது வெறும் செம்மண் வெளியாக, மழைநீர் அரித்த பள்ளங்களாகக் கிடந்த மேட்டில், வரப்பு கட்டி நீரை நிறுத்தி, பின்னர் இந்த மரங்களையே தேடி நட்டு, காட்டைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். போன காடு திரும்பும் என்பதற்குக் கருவடிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் போய்ப் பார்க்கும் தொலைவிலேயே சாட்சி இருக்கிறது.

புயலும் இந்தக் கணக்கில் வரும். 1916 நவம்பரில் புதுச்சேரியைப் புரட்டிய புயலைப் பாரதி நேரில் கண்டார். மரங்கள் சாய்ந்த வெளியில் தப்பி நின்ற ஒரு சிறு தோப்பைப் பற்றி ‘பிழைத்த தென்னந்தோப்பு’ எழுதினார். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்து ஏராளமான மரங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் வந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரை உறிஞ்சவும் தடுத்து மெதுவாக்கவும் சருகு மூடிய மண்ணைவிடச் சிறந்தது எதுவும் கிடையாது. தவிட்டுக்குருவிக்குத் தேவையான அதே மண்தான் தெருவில் வெள்ளம் நிற்காமல் இருக்கவும் தேவை.

தெருவில் தொடங்கக்கூடியவை

முதலில் எண்ணுவது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஊருக்குப் போகிறவர்கள் அங்கேயே எண்ணலாம், வீட்டில் இருப்பவர்கள் மொட்டைமாடியில் நின்று எண்ணலாம். பிப்ரவரியில் உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றும் உண்டு. இந்தியா அதில் 2013 முதல் பங்கேற்கிறது. முறை எளிது: குறைந்தது 15 நிமிடம் ஒரே இடத்தில் நின்று, கண்ணில் பட்ட, காதில் கேட்ட எல்லாப் பறவைகளையும் எழுதி ‘இ-பேர்டு’ தளத்தில் ஏற்ற வேண்டும்.

‘எல்லாப் பறவைகளையும்’ என்பதுதான் முக்கியம். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுக் காக்கையை விட்டுவிட்டால் பட்டியல் பயன்படாது. நூறு பட்டியல்களில் ஒரு பறவை எத்தனையில் இடம்பெறுகிறது என்பதை வைத்துத்தான் அறிவியலாளர்கள் போக்கைக் கணக்கிடுகிறார்கள். இன்று 40 பட்டியல்களில் இருந்த தவிட்டுக்குருவி பத்தாண்டு கழித்து 10இல் மட்டுமே இருந்தால், அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். இல்லாமை தெரிய வேண்டுமானால் இருப்பதை எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பறவை பார்க்க ஊசுட்டேரிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். சொந்தத் தெருவில் பட்டியல் போடுகிறவர்கள்தான் தேவை. ஒரு பள்ளி மாதம் ஒருமுறை இதைச் செய்தால், சில ஆண்டுகளில் அந்தக் குடியிருப்புக்கு ஒரு வரலாறே கிடைத்துவிடும்.

அடுத்தது மண். சருகைக் கூட்டி எரிப்பது புகையையும் தருகிறது, மண்ணையும் வறியதாக்குகிறது. மரத்தடியிலேயே குவித்தால் எருவாகும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்குச் சொன்னது. நம் தெருவில் அதைச் செய்ய உத்தரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோயில் இடம், பள்ளி வளாகம், இடுகாட்டின் ஓரம் என்று கட்டடம் எழும்ப முடியாத நிலம் ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் இருக்கும். அங்கே நொச்சி, காரை, சூரை, வீரை, நாவல், அழிஞ்சில் என்று உள்ளூர்ச் செடிகளை நெருக்கி நடலாம். மதில் அவசியம் என்றால் அதன் உட்புறம் ஓர் உயிர்வேலி வளர்க்கலாம். கிளை கழிப்பதைக் கூடு கட்டும் கோடை மாதங்களில் தவிர்த்துவிட்டு, மழைக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, குப்பை. ஈரக்குப்பையை வீட்டிலேயே பிரித்து உரமாக்கினால் காக்கைக்குக் கிடைக்கும் சோறு குறையும். காக்கை ஓரளவு குறைந்தால் சிறு பறவைகளின் முட்டையும் குஞ்சும் பிழைக்கும். குயிலும் கொஞ்சம் குறையலாம். புதுச்சேரியின் பறவை குறைந்துபோகிறதே என்று அப்போது வருந்த வேண்டாம்; பெருக்கத்தைக் குப்பை கொடுத்தது, அதைக் குப்பையோடு திருப்பிக் கொடுப்பதில் இழப்பு ஒன்றும் இல்லை.

கருவடிக்குப்பத்துக் குயில் தோப்புக்கு நினைவுச் சின்னம் வைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. குயில் எப்படியும் கூவும். அதற்கு நம் உதவி தேவையில்லை. செண்பகமும் சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவியும் சேர்ந்து கேட்கும் ஒரு கால் காணி நிலத்தை இந்த ஊர் மீட்டுக்கொண்டால், அதைத் தோப்பு என்று தயங்காமல் சொல்லலாம். வருகிற பொங்கலன்று காலை பதினைந்து நிமிடம் உங்கள் தெருவில் நின்று பட்டியல் போடுங்கள். குயிலுக்கு அடுத்த வரியில் என்ன எழுத முடிகிறது என்று பாருங்கள்.